புயலின் நடுவே வந்த அமைதி குறித்து முகில்வரைக் கோமானுக்கு

நலம் நிலைபெறுக. கீழ்க்கடலை வேலியாகவும் உப்பையும் முத்தையும் விளைவாகவும் உடைய வெண்டிரை நாட்டின் அரியணையில் வீற்றிருந்து, வலம்புரி முத்திரை தாங்கி, வழக்கறிந்து ஆளும் பெருந்தேவியார் நீலமாதேவி அவர்கள் திருவாய் மலர்ந்தருளியதை அருகிருந்து கேட்டு, ஓலைநாயகம் எயினன் சாத்தன் எழுதியது. முகில் உறங்கும் குன்றுகளையும், மிளகுக்கொடி படர்ந்த சாரல்களையும், குறி தப்பாத வில்லாளரையும் உடைய முகில்வரை நாட்டின் கோமான் விறல்வேட்டனார் அவர்கள் திருமுன் இது சேர்க. உம் சுனைகள் வற்றாதிருக்க. உம் குடிகள் பசியறியாதிருக்க. இதற்கு மேலும் வாழ்த்துரைகள் எழுதுவது மரபே ஆயினும், மகளை இழந்த தந்தையின் முன் நெடிய வாழ்த்து தகாது என்று எம் அரசியார் கருதியமையால், எஞ்சியவற்றை விடுத்துச் செய்திக்கு வருகிறோம்.

உம் தூதர் கொணர்ந்த ஓலை எம் அவையில் படிக்கப்பட்டது. புன்னைத்துறை வானறி பள்ளியில் பயில அனுப்பிய உம் மகள் நறைக்கொடி புயலில் மாண்டது எவர் பிழையால் என்று அதில் கேட்டிருந்தீர். அப்பள்ளியின் ஆசிரியை அல்லியங்கோதையை விலங்கிட்டு நாட்டெல்லையில் ஒப்படைக்க வேண்டும் என்றும், மறுத்தால் இரு நாட்டையும் இணைக்கும் மலைவழி அடைபடும் என்றும் எழுதியிருந்தீர். முதற்கேள்விக்கு விடை சொல்லாமல் இரண்டாவதற்கு விடை சொல்வது முறையன்று. ஆகவே நடந்தது அனைத்தையும், எமக்குப் பெருமை தருவது எது, தராதது எது என்று பிரிக்காமல் எழுதவும், பேசியவர் பேசிய மொழியைச் செந்தமிழாகத் திருத்தாமல் அப்படியே பொறிக்கவும் எம் அரசியார் ஆணையிட்டார். கடற்கரைப் பேச்சு உம் செவிக்குப் புதிதாயின் பொறுத்தருள்க.

அல்லியங்கோதை கலமோட்டி ஒருவரின் மகள். காற்றுக்கு எதிரே நின்று பேசிப் பழகிய குடும்பத்தில் வளர்ந்தவளாதலால் அவளுக்கு மெல்லப் பேச வராது. அவள் ஓரிடத்தில் பாடம் சொன்னால் அடுத்த வளைவில் வலை உலர்த்துவோருக்கும் அது பாடமாகும். புன்னைத்துறை முனையில் அலைக்கு மேலே பாறை மீது கட்டிய கல்மண்டபமும், அதன் கிழக்கே நோக்குமேடு என்று பெயர் கொண்ட மண்மேடும், அம்மேட்டின் உச்சியில் கொடிக்கம்பமும் சேர்ந்ததுதான் பள்ளி. உழவர், பரதவர், உப்பு விளைப்போர், கலமோட்டிகள் என எல்லாக் குடிகளின் பிள்ளைகளும் அங்கே வந்து வானத்தைப் படிக்கக் கற்றனர்.

அவள் சொல்லிக்கொடுத்த முறை எளியது. கொடி எப்பக்கம் பறக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கென்றால் கோடை, தெற்கென்றால் தென்றல். அடுத்து மழை உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதன் பின்னரே மேகம். இறகு போலக் கீறியவை மிக உயரத்தில் நிற்பன, பஞ்சுப் பொதியாய்க் குவிந்தவை தாழ நிற்பன, அடிப்பக்கம் கறுத்துத் தலைப்பக்கம் பட்டறைக் கல் போல் விரிந்தவை இடி சுமப்பன. நூலில் கட்டித் தொங்கவிட்ட உப்புக்கட்டி கசிந்தால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். இவற்றையெல்லாம் ஏட்டைப் பார்த்து ஒப்பிக்கும் பிள்ளையை அவள் மெச்சமாட்டாள். வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து மூச்சிரைக்கச் சொல்லும் பிள்ளையைத்தான் மெச்சுவாள்.

ஆகையால் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. மழை விட்ட உடனே, யார் முதலில் நோக்குமேட்டில் ஏறிக் கொடியையும் மழையையும் மேகத்தையும் வரிசை தவறாமல் கூவிச் சொல்கிறார்களோ, அன்று அவர்களே வகுப்புக்குத் தலைமை. “மழ விட்டதும் பாக்குற மொதப் பார்வைதான் சுத்தமான பார்வை. கொஞ்சம் பிந்தினாலும் வானம் முகத்த மாத்திக்கிடும்,” என்று அவள் சொல்லுவாள்.

உம் மகள் அப்பள்ளிக்கு வந்த நாளை அல்லியங்கோதை எம் அவையில் விரித்துரைத்தாள். மற்றப் பிள்ளைகள் கடலைப் பார்த்து ஆர்ப்பரித்து நிற்க, நறைக்கொடி கடலுக்கு முதுகைக் காட்டி நின்று வானத்தையே அண்ணாந்து பார்த்தாளாம். பிறகு கேட்ட முதற்கேள்வி இது: “எங்க மலையில மேகம் வீட்டுக்குள்ள வந்து பாயில உக்காரும். இங்க ஏன் கீழயே எறங்கி வரமாட்டேங்குது?” பிள்ளைகள் சிரித்தனர். ஆசிரியை சிரிக்கவில்லை. அவளை அடுக்களைக்கு அழைத்துப்போய், கொதிக்கும் உலைமூடியைத் தூக்கிக் காட்டி, கையை ஆவியில் நீட்டச் சொன்னாள். கை நனைந்தது. “பாத்தியா, இதுதான் மேகம். பொடிப்பொடியாப் போன தண்ணி. குளிர்ந்த எடத்துல கூடிக்கும். ஒங்க மலை குளிரு, அதனால ஒங்க வீட்டுல வந்து கூடுது. இங்க கீழ சூடு. மேலதான் குளிரு,” என்றாள். உம் மகள் நனைந்த கையை நக்கிப் பார்த்து, “உப்பே இல்ல,” என்று வியந்தாள். கடல் உப்பாயிருக்க, கடலிலிருந்து எழுந்த மேகம் ஏன் உப்பில்லாமல் இருக்கிறது என்ற கேள்வியை அவளே எழுப்பி, அவளே உப்பளத்துக்குப் போய், வெயிலில் நீர் போக உப்பு தங்குவதைக் கண்டு விடையும் கொண்டு வந்தாள். பிள்ளைகள் அவளை மலைச்சி என்று அழைத்தனர். அப்பெயரை அவள் விரும்பினாள்.

நோக்குமேட்டுக்கு முதலில் ஓடுகிறவள் பெரும்பாலும் அவளே. மலையேறிப் பழகிய கால்களுக்கு அம்மேடு ஒரு பொருட்டாகவில்லை.

இனி எமக்குப் பெருமை தராத செய்தி. எம் அரசியாரின் தந்தையாராகிய மறைந்த மன்னர் காலத்தில் அப்பள்ளி மாணவன் ஒருவன் புயல் வரும் என்று துறைமுக அங்காடியில் சொல்ல, அச்சொல் காட்டுத்தீயாய்ப் பரவி, வணிகர் சரக்கை அள்ளிக்கொண்டு ஓடி, நெரிசலில் உயிர்கள் மாய்ந்தன. புயலோ வரவில்லை. அன்று முதல் ஒரு விதி வகுக்கப்பட்டது. புயலைப் பற்றிய பாடம் மூன்றாம் ஆண்டு மாணவர்க்கு மட்டுமே சொல்லப்படும்; இளையோர் முன் அதைப் பேசுவது கூடாது; மீறும் ஆசிரியர் பள்ளியை விட்டு நீங்க வேண்டும். அவ்விதி அரச முத்திரையோடு பள்ளியின் வாயில்தூணில் பொறிக்கப்பட்டிருந்தது.

உம் மகள் அதையும் கேட்டாள். “புயல்னா என்ன ஆசானம்மா? பெரிய மழையா?” என்று ஒருநாள் கேட்டபோது, அல்லியங்கோதை தூணைக் காட்டி, “அது மூணாம் ஆண்டுப் பாடம் புள்ள. பொறு,” என்றாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும்,” என்று கெஞ்சியதற்கும், “பொறுன்னா பொறு,” என்றே விடை. இதை எம் அவையில் சொல்லும்போதுதான் அவள் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். அந்த ஒண்ணே ஒண்ணு எது என்று தனக்குத் தெரியும் என்றும், ஒரு மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம் என்றும் சொன்னாள்.

கார்த்திகை பிறந்தபின் வந்தது அந்நாள். முந்தைய நாளே வானத்தின் கிழக்கு ஓரத்தில் இறகு மேகங்கள் விசிறியாய் விரிந்திருந்தன. கதிரவனைச் சுற்றி வட்டம் இட்டிருந்தது. காற்றில்லாத கடலில் நெடிய அலைகள் சோம்பலாய் வந்து கரையை அறைந்தன. விடிந்ததும் வாடை வலுத்தது. மூன்றாம் ஆண்டு மாணவர்க்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆசிரியையின் முகத்தைப் பார்த்ததுமே செந்துணிகளை எடுத்துக்கொண்டு, கரையோரம் வடக்கும் தெற்குமாக ஓடி ஊர்களை எச்சரிக்கப் போயினர். இளைய பிள்ளைகள் யாவரையும் கல்மண்டபத்துக்குள் சேர்த்துப் பள்ளியின் காப்பாட்டி முத்தக்காளை உடன் வைத்தாள் அல்லியங்கோதை. முத்தக்காள் உள்நாட்டு உழவர்குடிப் பெண், அன்பு மிக்கவள், கடலின் குணம் அறியாதவள்.

அருகிலிருந்த நண்டுப்பாக்கத்துப் பரதவரோ ஊரை விட்டு அசைய மறுத்துவிட்டனர் என்று செய்தி வந்தது. அங்கே நிறைசூலிகளும் கைக்குழந்தைகளும் இருந்தனர். மாணவர் சொல்லுக்கு அசையாதவர் தன் சொல்லுக்கு அசைவர் என்று ஆசிரியை தானே புறப்பட்டாள். வாயிலில் நின்று பிள்ளைகளைப் பார்த்து அவள் சொன்ன சொற்களை, அங்கிருந்த ஒவ்வொரு பிள்ளையும் மாற்றமின்றி எமக்குச் சொன்னது.

“காத்தும் மழையும் நிக்கிற வரைக்கும் இந்தக் கதவத் தெறக்கவே கூடாது. என்ன சத்தம் கேட்டாலும் சரி. வெளங்குதா?”

பிள்ளைகள் தலையாட்டினர். உம் மகள் கேட்டாள்: “நின்னதுக்கு அப்புறம்?”

அல்லியங்கோதை அதற்குள் படியிறங்கிவிட்டாள். காற்றில் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே, “அப்புறம் என்ன, வழக்கம் போலத்தான்!” என்று கத்திவிட்டு ஓடினாள்.

நண்டுப்பாக்கத்தில் அவள் கெஞ்சியும் வைதும் மக்களை எழுப்பி, செங்கல்லால் கட்டிய உப்புக் கிடங்குக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த சிறிது நேரத்தில் புயல் கரையேறியது. வாடையின் அறையில் தென்னைகள் முறிந்தன. குடிசைக் கூரைகள் எழும்பிப் பறந்தன. கிடங்கின் ஓடுகள் ஒவ்வொன்றாய்ப் பிய்ந்து போக, உள்ளே மக்கள் உப்புக் குவியலின் மீது ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கிடந்தனர். பக்கத்தில் இருப்பவர் அலறுவது வாயசைவால் மட்டுமே தெரிந்ததாம்.

நண்பகல் கடந்தபோது எல்லாம் நின்றது. படிப்படியாக ஓயவில்லை, விளக்கை ஊதி அணைத்தது போல நின்றது. கூரையின் ஓட்டை வழியே வெயில் விழுந்தது. மக்கள் அழுது கடவுளை வாழ்த்தினர். நெடுங்கடலான் என்னும் பரதவன் தன் படகு என்னவாயிற்று என்று பார்க்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியேற, அவன் பின்னே பலர் எழுந்தனர். அல்லியங்கோதை ஓடிப்போய் அவன் முன் கைகளை விரித்து நின்றாள்.

“உள்ள போங்க! இது முடியல. பாதிதான் போயிருக்கு. புயலு செக்கு மாதிரி சுத்துது. நாம இப்ப அதோட நடுவுல நிக்கிறோம். மறுபாதி தெக்கேருந்து வரும், இதவிட வேகமா வரும்!”

“வெயிலடிக்குதே தாயி, பொய்யா சொல்லுது வானம்?” என்றான் நெடுங்கடலான்.

“ஆமா. இப்பப் பொய்தான் சொல்லுது.”

அவன் நம்பினான். ஆனால் அதற்குள் வெளியே போனவர்களைக் கூவி அழைத்து, படகோரம் நின்றவனைக் கையைப் பற்றி இழுத்து, பிள்ளையைத் தேடி ஓடிய தாயைத் தடுத்துப் பிள்ளையைத் தானே தூக்கி வந்து, எல்லோரையும் உள்ளே தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லும் வரை அவள் மனம் வேறெதையும் நினைக்கவில்லை. நண்டுப்பாக்கத்தில் ஓர் உயிரும் போகவில்லை என்பதை இங்கே எழுதுகிறோம். உமக்கு அது ஆறுதலாகும் என்ற எண்ணத்தால் அன்று, நடந்தது என்பதால்.

கதவு அடைபடும் ஓசை கேட்டபோதுதான், இன்னொரு கதவின் முன் தான் சொல்லிவிட்டு வந்தது அவளுக்கு நினைவில் இடித்தது. காற்றும் மழையும் நிற்கும் வரை. காற்றும் மழையும் இப்போது நின்றிருந்தன.

அவள் பள்ளியை நோக்கி ஓடினாள். ஈர மணலிலிருந்து ஆவி எழுந்தது. பறந்து களைத்த கடற்பறவைகள் தரையில் இறங்கி, மனிதர் காலடி கேட்டும் அசையாமல் கிடந்தன. கடல் மட்டும் அடங்கவில்லை. எத்திசையிலிருந்து வருகிறோம் என்று தனக்கே தெரியாதது போல அலைகள் ஒன்றோடொன்று மோதி மேலே எழும்பின. முனையைச் சுற்றித் திரும்பியபோது நோக்குமேட்டின் உச்சியில், கொடிக்கம்பத்தின் அருகே, உம் மகள் நிற்பதைக் கண்டாள். மண்டபத்தின் கதவு திறந்திருந்தது. மற்றப் பிள்ளைகள் வாயிற்படியில் குவிந்து நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தனர். முத்தக்காள் சிரித்தபடி தலைமுடியை உதறிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

நறைக்கொடி ஆசிரியையைக் கண்டுகொண்டாள். கையை ஆட்டி, வரிசை தவறாமல் கூவினாள்: “கொடி அசையல! மழ இல்ல!” பிறகு வரிசையை மறந்து, “ஆசானம்மா, ஓடியாங்க! வானம் கெணறு மாதிரி இருக்கு! சுத்தி மேகம் செவுரு கட்டி நிக்குது, நடுவுல மட்டும் நீலம்! எங்க மலைய விட ஒசரமான செவுரு!” என்றாள்.

“எறங்கு! நறை, எறங்கி உள்ள ஓடு! எல்லாரும் உள்ள போங்க! முத்தக்கா, கதவ அடை!”

வாயிற்படியில் நின்ற பிள்ளைகள் அக்குரலின் கடுமை கேட்டு உள்ளே ஓடினர். முத்தக்காள் திகைத்து, பிறகு புரிந்து, கதவைப் பற்றினாள். மேட்டின் மேல் நின்றவளுக்கு அலையோசையில் சொற்கள் சரியாய்க் கேட்கவில்லை. கையைச் செவியோரம் குவித்து, “என்ன சொல்றீங்க?” என்று குனிந்தாள். அல்லியங்கோதை மேட்டின் அடியை அடைந்து ஏறத் தொடங்கியிருந்தாள். அப்போது தெற்கே, கடலும் கரையும் சேரும் இடத்தில், ஆயிரம் தேர்கள் வருவது போன்ற ஓசை எழுந்தது. தளர்ந்து தொங்கிய கொடி சட்டென எழுந்து வடக்கே நீண்டது. உம் மகள் கொடியைத்தான் பார்த்தாள். அஞ்சி அழவில்லை, ஆசிரியையை அழைக்கவில்லை. தெற்கே திரும்பி, கற்றதைச் சொல்லும் மாணவியின் தெளிந்த குரலில், “தெக்கு! காத்து தெக்கேருந்து வருது!” என்று கூவினாள்.

அதன்பின் அல்லியங்கோதை எதையும் காணவில்லை. காற்று அவளை மேட்டிலிருந்து உருட்டிக் கீழே நின்ற புன்னைமரத்தோடு மோதியது. ஒடிந்த கையோடு அம்மரத்தைக் கட்டிக்கொண்டு, மறுபாதி கடந்து போகும் வரை கிடந்தாள். கடல் ஏறிப் பாறையின் பாதியைத் தொட்டுத் திரும்பியது. மண்டபம் நின்றது. உள்ளிருந்த பிள்ளைகள் பிழைத்தனர். மாலை வெளிச்சம் மங்குவதற்குள் உம் மகளை மேட்டின் வடபுறம், முறிந்த கொடிக்கம்பத்தின் அருகே கண்டெடுத்தனர். அவளை உம்மிடம் கொண்டு சேர்த்தவர் எம் படைத்தலைவரும் முத்தக்காளும் என்பதை அறிவீர். ஆசிரியை காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்ததால் உடன் வர இயலவில்லை.

உம் ஓலை வந்தபின் அவை கூடியது. அமைச்சருள் ஒருவர், நாட்டின் நலனைக் கருதியே, ஒரு வழி கூறினார். கதவைத் திறக்கலாகாது என்று ஆசிரியை ஆணையிட்டது உண்மை. கதவைத் திறந்தது சிறுமி என்பதும் உண்மை. ஆகவே சிறுமி ஆசிரியையின் சொல்லை மீறினாள் என்று எழுதுவோமாயின் அது முழுப்பொய்யும் ஆகாது, மலைவழியும் அடைபடாது, எவர் மீதும் பழியும் நில்லாது என்றார். அவையோரில் பலர் தலையசைத்தனர். எம் அரசியார் அல்லியங்கோதையை நோக்கினார்.

கட்டுப்போட்ட கையோடு அவள் எழுந்தாள். முழு அவைக்கும் கேட்க அவளுக்குக் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

“தாயே, அவ சொல் மீறல. நான் காத்து நிக்கிற வரைக்கும்னேன், அவ காத்து நிக்கிற வரைக்கும் இருந்தா. வழக்கம் போலன்னேன், அவ வழக்கத்தச் செஞ்சா. என் கிட்டப் படிச்ச புள்ளைங்கள்ல, நான் சொன்னத ஒரு எழுத்து பிசகாமச் செஞ்சவ அவ ஒருத்திதான். அதனாலதான் செத்தா. அவ அப்பா ஆயுசு பூரா, எம் மக அடங்காதவ, அதனால போயிட்டான்னு நெனச்சுக்கிட்டு இருக்கணுமா? அப்படி எழுதுனா அந்த ஓலைய நானே கிழிப்பேன். அப்புறம் என்ன செஞ்சாலும் செய்யுங்க.”

அவையில் அரச ஓலையைக் கிழிப்பேன் என்று சொல்வது தண்டனைக்குரியது. எவரும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

அரசியார் கேட்டார்: தூணில் பொறித்த விதி இல்லாதிருந்தால் நீ அப்பிள்ளைக்குச் சொல்லியிருப்பாயா? அதற்கு அவள், “சொல்லியிருப்பேன்னு சொல்ல ஆசையா இருக்கு, தாயே. ஆனா எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. பயப்படுற புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறது கஷ்டம். நான் ஒருநாளும் அந்த விதிய மாத்தச் சொல்லி இந்த வாசலுக்கு வந்து நிக்கல,” என்றாள்.

ஆகவே, கோமானே, உம் முதற்கேள்விக்கு எம் அரியணையின் விடை இது. உம் மகள் எவர் சொல்லையும் மீறவில்லை. அச்சத்தைத் தடுக்க எண்ணி அறிவைத் தடுத்த விதி எம் அரசகுலத்தின் விதி. அதற்கு அடங்கி நடந்தவள் எம் ஆசிரியை. இரண்டாலும் உம் மகளை இழந்தோம். இதற்கு ஈடாக யாம் தரத்தக்கது எதுவும் இல்லை என்று அறிந்தே, தராமல் விடுகிறோம். பொன்னும் பொருளும் இவ்வோலையோடு வரவில்லை. தூணின் எழுத்து உளியால் கொத்தி நீக்கப்பட்டது. வெண்டிரை நாட்டில் வானம் கற்கும் எப்பள்ளியிலும், சேர்ந்த முதல் நாளிலேயே, மிகச் சிறிய பிள்ளைக்கும் புயல் சுழலும் என்பதும், அதன் நடுவில் வெயில் இருக்கும் என்பதும், காற்று திரும்பி எதிர்த்திசையிலிருந்து வந்து ஓயும் வரை கதவு திறக்கலாகாது என்பதும் சொல்லப்படும். அச்சப்படும் பிள்ளை அச்சப்படட்டும். அருகிலிருந்து தேற்றுக என்று ஆசிரியர்க்கு ஆணை.

இரண்டாவது கேட்டதற்கு விடை. அல்லியங்கோதையை விலங்கிட்டு ஒப்படைக்க எம் அரசியார் இசையவில்லை. மலைவழி அடைபடுமாயின் அடைபடட்டும். எம் மக்கள் மிளகின்றி உண்பர். இம்முடிவை அவையில் அறிவித்தபோது அல்லியங்கோதை நன்றி சொல்லவில்லை. தான் போக வேண்டும் என்றாள். விலங்கில்லாமல், காவலில்லாமல், தன் காலால் போக வேண்டும் என்றாள். அரசியார் மறுத்தார். மலைக்குச் சென்றவளை முகில்வரையார் திருப்பி அனுப்புவர் என்பதற்கு உறுதி இல்லை என்று அமைச்சர்களும் மறுத்தனர். அவள் சொன்னது: “ஓலையில எழுதுனா அவருக்கு எழுத்துதான் கேக்கும். அவ கூவுன கொரல் எங் காதுல மட்டும்தான் இருக்கு. அது நான் போய்ச் சொன்னாத்தான் அவருக்குப் போய்ச் சேரும். அப்புறம் அவரு என்ன வேணாலும் சொல்லட்டும், கேட்டுக்கிறேன்.”

எம் அரசியார் அவள் போக இசைந்தார்.

கோமானே, இவ்வோலையைக் கொணர்ந்த பெண்ணைத் தூதர் என்று எண்ணி வாயிலில் இருத்தியிருப்பீர். ஒரு கையில் கட்டோடு நிற்கும் அவளே அல்லியங்கோதை. படிப்பவர் இவ்வரியோடு நிறுத்துக; அவளை அருகே அழைத்து, உம் மகளின் சொற்களை அவள் வாயால் கேட்டருள்க. அதன்பின் உம் மனம் எதைச் சொல்கிறதோ அதைச் செய்க. எல்லைக் காவலர்க்கு எம் ஆணை: அவள் போகும்போதும் மீளும்போதும் எவரும் தடுக்கவோ கேள்வி கேட்கவோ கூடாது, அவள் மீளும் வரை எம் பக்கத்து மலைவாயில் பகலிலும் இரவிலும் திறந்தே இருக்கும்.

இது பெருந்தேவியார் நீலமாதேவி அவர்கள் அரியணையிலிருந்து இறங்கி நின்று உரைத்தது. ஓலைநாயகம் எயினன் சாத்தன் பிழையறப் பொறித்தது. வலம்புரி முத்திரையை அரசியார் தம் கையாலேயே அரக்கில் அழுத்தியது.